வெளியே கைப்பிடி இல்லாத கதவு

எங்கள் அண்ணன் எங்களை விட்டுப் போய் ஓராண்டு ஆகிறது. இந்த நினைவு மலரைக் கையில் வாங்கியிருக்கும் உறவுகளுக்கும் நட்புகளுக்கும், கடலூர் ஓ.டி. என்கிற பழைய நகரத்தில் டீக்கடை வைத்திருக்கும் தம்பியின் வணக்கம். அண்ணனைப் பற்றி எழுத வேண்டும் என்று வீட்டில் பேச்சு வந்தபோது, "படிச்ச பிள்ளைங்க இத்தனை பேரு இருக்கும்போது நான் எதுக்கு?" என்றேன். அண்ணி விடவில்லை. "படிச்ச பிள்ளைங்க ஒரு பக்கத்துல முடிச்சிடுவாங்க தம்பி. நீங்கதான் ஆரம்பிச்சா நிறுத்த மாட்டீங்க. நீங்களே எழுதுங்க" என்றார்கள். ஆகவே பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள், நீளம் இருந்தால் அண்ணியைக் கேளுங்கள்.

அண்ணன் பிறந்தது காடாம்புலியூரில். முந்திரித் தோப்புக்கும் பலா மரங்களுக்கும் நடுவே எங்கள் வீடு. அப்பா இளம் வயதில் காலமானார். அண்ணனுக்குக் கீழே நாங்கள் நால்வர். பள்ளி இறுதி வகுப்பு முடித்த கையோடு, துறைமுகத்துக்குப் பக்கத்தில் இருந்த ஐஸ் பேக்டரியில் அண்ணன் வேலைக்குச் சேர்ந்தார். கம்ப்ரஸரைப் பார்த்துக்கொள்ளும் வேலை. ஒவ்வொருவராக எங்களையும் கடலூருக்கு அழைத்துக்கொண்டார். எங்களுக்குத் திருமணம், பிரசவம், பிள்ளைகளுக்குப் பள்ளிச் சேர்க்கை எல்லாமே அவர் முன்னே நின்று நடத்தியவை. யாரையும் அவர் அதட்டிப் பேசி நாங்கள் கேட்டதில்லை. மீன் ஏற்ற வரும் வேன்காரர்கள், "உங்க அண்ணன் ஐஸ் மட்டுமா குடுக்குறாரு? ரெண்டு வார்த்தை பேசினா நம்ம சூடும் எறங்கிடுது" என்பார்கள்.

அந்தப் பேக்டரி வாசலில்தான் அண்ணனுக்கு அந்தக் கார் காட்சி கொடுத்தது. அப்போது அவருக்குத் திருமணம் ஆகவில்லை. நல்ல வெயில். சென்னையிலிருந்து வந்த ஒரு தம்பதியின் வண்டி, முன்பக்கம் புகை கக்கிக்கொண்டு வாசலில் வந்து நின்றது. கரும்பச்சை நிறம். கூரை கிடையாது. முன்னே நீண்ட மூக்கு, பின்னே குட்டி வால், நடுவில் இரண்டே இரண்டு இருக்கை. தரையோடு தரையாக ஊர்ந்து வந்ததாம். ரேடியேட்டருக்குத் தண்ணீர் கேட்டார்கள். அண்ணன் ஒரு வாளி தண்ணீரும், கூட வந்த அம்மாவுக்குக் குடிக்க ஐஸ் போட்ட மோரும் கொண்டுபோய்க் கொடுத்தார்.

வண்டி ஆறும்வரை அந்த ஐயா அண்ணனிடம் பேசிக்கொண்டிருந்தார். இங்கிலாந்தில் கையாலேயே செய்த கார் என்றார். கிளம்பும்போது அந்த அம்மா கதவுக்குப் பக்கத்தில் போய்ச் சும்மா நின்றார். கதவில் வெளிப்பக்கம் கைப்பிடியே இல்லை. ஐயா உள்ளேயிருந்து உடம்பைச் சாய்த்து, கதவுக்குள் இருந்த ஒரு கயிற்றை இழுத்தார். கதவு திறந்தது. அம்மா சிரித்துக்கொண்டே ஏறி உட்கார்ந்தார். இருவரும் போய்விட்டார்கள்.

இவ்வளவுதான் நடந்தது. ஆனால் அண்ணன் அதைச் சாகும்வரை சொல்லிக்கொண்டிருந்தார்.

அதற்குப் பிறகு பழைய பேப்பர் கடையில் ஆங்கிலக் கார் புத்தகம் எது வந்தாலும் அண்ணனுக்கு எடுத்து வைத்துவிடுவார்கள். அகராதியை வைத்துக்கொண்டு வரி வரியாகப் படிப்பார். படித்ததை என் கடையில் வந்து அவிழ்ப்பார். டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து நான் கேட்ட சரித்திரம் இது.

"ரெண்டாவது உலகச் சண்டை முடிஞ்ச நேரம் அவுங்க நாட்டுல இரும்புத் தகடு கிடைக்கல. ஏரோப்ளேன் செஞ்ச அலுமினியம்தான் கிடைச்சுது. மணல் மூட்டை மேல தகட்டை வெச்சு, மரச் சுத்தியால அடிச்சு அடிச்சு வளைச்சாங்க. உள்ள எலும்புக் கூடு மரம். கிரிக்கெட் ஸ்டம்பு செய்வாங்கல்ல, அந்த மரம். ஒருத்தரு குதிரை லாயத்துல வெச்சு ஆரம்பிச்சாரு. ஒருத்தரு காதலிச்ச பொண்ணு வீட்டுக்குப் பின்னால கொட்டகை போட்டாரு. பழைய குட்டிக் காரை வாங்கி, மேல் உடம்பைக் கழட்டிப் போட்டுட்டு, சேஸிஸ்னு சொல்ற அடிச்சட்டத்து மேல தன் இஷ்டத்துக்குப் புது உடம்பு கட்டுவாங்க."

"பொண்ணு வீட்டுக்குப் பின்னாடி கொட்டகை போட்டா மாமனாரு சும்மா விட்டாரா?" என்று யாராவது கேட்பார்கள்.

"கல்யாணமும் ஆச்சு, கம்பெனியும் ஆச்சுப்பா" என்பார் அண்ணன்.

ஒரு வண்டியின் கதவு இன்னொரு வண்டிக்குப் பொருந்தாதாம். ஒரே வண்டியில்கூட இடப்பக்கத்துக்கும் வலப்பக்கத்துக்கும் ஒரு விரல் வித்தியாசம் இருக்குமாம். செய்த வண்டிகளில் பெரும்பகுதியைக் கப்பலேற்றி அமெரிக்காவுக்கு விற்று நாட்டுக்கு வருமானம் சேர்த்தார்களாம். அப்புறம் மிஷினில் ஒரே அச்சாக வார்த்த வண்டிகள் மலிவாக வந்து இறங்கின. பாதுகாப்புச் சட்டங்களும் வந்தன. சின்னச் சின்னக் கொட்டகைகள் பலவும் மூடிக்கொண்டன. ஒன்றிரண்டு இடங்களில் இன்னும் மரம் இழைத்துக் கட்டுகிறார்களாம். பணத்தைக் கட்டிவிட்டு, நம் வண்டி எப்போது வரும் என்று வருடக்கணக்கில் காத்திருக்கிறவர்கள் உண்டாம்.

"வெள்ளைக்காரன் போயி எத்தனை காலமாச்சு! அவன் காரு மட்டும் உங்க அண்ணன் வாயில இன்னும் ஓடிக்கிட்டே இருக்குது" என்று கிண்டல் செய்வார்கள். அண்ணனும் சேர்ந்து சிரிப்பார்.

அண்ணி சிதம்பரத்துப் பெண். திருமணமும் சிதம்பரத்தில்தான் நடந்தது. முடிந்து கடலூருக்கு வேனில் வந்தோம். அண்டா, குண்டான், சீர்வரிசை, இரண்டு வீட்டு அத்தைமார்கள் எல்லோருக்கும் நடுவே அண்ணியைப் பின்னால் உட்கார வைத்துவிட்டார்கள். மாப்பிள்ளை முன்னால் டிரைவருக்குப் பக்கத்தில். புவனகிரிச் சித்தப்பா மடியில் வேறு யாரோ. புதுப் பெண்ணும் மாப்பிள்ளையும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமலேயே அந்தப் பயணம் முடிந்தது. வீட்டு வாசலில் இறங்கும்போது அண்ணன் அண்ணியின் காதோரம் சொன்னாராம்: "ஒரு நாளு ரெண்டே சீட்டு இருக்கிற வண்டியில உன்னை சிதம்பரம் கூட்டிட்டுப் போறேன்."

கூட்டிப் போகும் நேரம்தான் வரவில்லை. எங்கள் வீடு எப்படி என்று உங்களுக்குத் தெரியும். அம்மா, தம்பிகள், தங்கைகள், அப்புறம் எங்கள் பிள்ளைகள். அவர்கள் இருவரும் தனியாக உட்கார்ந்து பேசி நாங்கள் யாரும் பார்த்ததில்லை. சினிமாவுக்குப் போனால்கூட எங்களில் ஒருவர் நடுவில் உட்கார்ந்திருப்போம். அண்ணி ஒரு நாளும் முகம் சுளித்ததில்லை. எப்போதாவது அண்ணனிடம், "என்னங்க, சிதம்பரம் வண்டி எப்ப வருது?" என்று மட்டும் கேட்பார்கள். அண்ணன், "வரும், வரும். இங்கிலாந்துல இதைவிட ஜாஸ்தி நாளு காத்திருக்கிறாங்க" என்பார். நாங்கள் ரயிலைப் பற்றிப் பேசுகிறார்கள் என்று நினைத்துக்கொண்டிருந்தோம்.

பணி ஓய்வு பெற்ற பிறகு ஒரு நாள், சிதம்பரத்தில் ஒரு லாரி ஷெட்டின் மூலையில் ஒரு பழைய ஹெரால்ட் கார் கிடப்பதாக அண்ணன் கேள்விப்பட்டார். நம் சென்னையிலேயே செய்து விற்ற கார்தான். ஆனால் அதற்குத் தனிச் சேஸிஸ் உண்டு. மேல் உடம்பை அப்படியே தூக்கிவிட்டு வேறு உடம்பு கட்டலாம். "இதே சேஸிஸ் மேலதான் இங்கிலாந்துலயும் நெறைய பேரு ரெண்டு சீட்டு வண்டி கட்டினாங்க" என்று அண்ணன் குழந்தை மாதிரி குதித்தார். மூடிக் கிடந்த ஐஸ் பேக்டரியின் ஷெட்டை முதலாளி பெருமனதோடு தந்தார். டிங்கரிங் வேலைக்கு எங்கள் சலீம் பாய் வந்தார்.

மரத்துக்கு எங்கே போவது? அவர்கள் நாட்டு மரம் இங்கே ஏது? பெரும்புயலில் எங்கள் பக்கத்து முந்திரியும் பலாவும் வேரோடு சாய்ந்தது உங்களுக்கு நினைவிருக்கும். அப்பா வைத்த பலா மரமும் அதில் சாய்ந்தது. அண்ணன் அதை விறகுக்குக் கொடுக்க மனமில்லாமல், பலகையாக அறுத்து அடுக்கி வைத்திருந்தார். பல வருடம் காய்ந்து இரும்பு போல் இருந்தது. அந்தப் பலகைதான் அந்தக் காருக்கு எலும்பானது.

"அண்ணே, இங்கிலீஷ் காரு, பலா மரத்துல. மழையில நனைஞ்சா ஈ மொய்க்காதா?" என்று சலீம் பாய் கேட்டார்.

"மொய்ச்சா மொய்க்கட்டும் பாய், சுளை வந்தா உனக்குத்தான்" என்றார் அண்ணன்.

மணல் மூட்டை, மரச் சுத்தி, அலுமினியத் தகடு எல்லாம் புத்தகத்தில் போட்டபடி. இடது கதவுக்கும் வலது கதவுக்கும் ஒரு விரல் வித்தியாசம் வந்துவிட்டது. சலீம் பாய் தலையில் கை வைத்தார். அண்ணனோ, "இப்பதான் பாய் சரியா வந்திருக்குது!" என்று கட்டிக்கொண்டார். வெளிக் கைப்பிடி வேண்டாம் என்றதும் பாய்க்குக் கோபமே வந்துவிட்டது. "கைப்பிடி இல்லாத கதவு எந்த ஊர்லண்ணே இருக்கு? ஏறுறவங்க எப்படித் தெறப்பாங்க?"

"உள்ள இருக்கிறவங்க தெறந்துவிடுவாங்க."

ஷெட்டுக்கும் வீட்டுக்கும், அனுமதிக்காக ஆபீசுக்கும் நடையாய் நடந்து, ஒரு வழியாக வண்டி தயாரானது. கரும்பச்சைப் பெயிண்ட். சக்கரத்துக்கு அடியில் எலுமிச்சம் பழம் வைத்துப் பூசை போட்டோம். பழம் நசுங்கியதும் தெருவே கை தட்டியது. முதல் சவாரிக்கு அண்ணியைக் கூப்பிட்டால், "பிள்ளைங்க ஆசையா நிக்குதுங்க, முதல்ல அதுங்களைக் கூட்டிட்டுப் போங்க" என்றார்கள். பிள்ளைகள், தங்கைகள், மருமகன்கள், பேக்டரி முதலாளி, பால்காரர் வரை எல்லோரும் சில்வர் பீச் வரை ஒரு சுற்று போய் வந்தார்கள். நானும்தான். அண்ணி வாசலில் நின்று எல்லோருக்கும் கை காட்டினார்கள். எங்கள் வீட்டில் கடைசியாகச் சாப்பிடுகிறவர் கடைசியாகத்தான் ஏற வேண்டியிருந்தது.

ஒரு வழியாக ஒரு நாள் காலையில் இருவரும் சிதம்பரத்துக்குக் கிளம்பினார்கள். அண்ணி பட்டுப் புடவை, தலை நிறையப் பூ. புது வண்டி, வழியில் சூடேறினால் என்ன செய்வது என்று நான் தண்ணீர்க் கேனைக் கட்டிக்கொண்டு மொபெட்டில் பின்னால் போனேன். அண்ணன் என்னைத் தனியே கூப்பிட்டுச் சொன்னார்: "கண்ணுக்கு எட்டுற தூரத்துல வா. காதுக்கு எட்டுற தூரத்துல வராத."

ஓ.டி. தாண்டி முதல் வேகத்தடை வந்தது. வண்டியின் வயிறு அதன் மேல் 'கரக்' என்று உரசி நின்றது. பிள்ளைகளோடும் என்னைப் போன்ற ஒல்லிகளோடும் பீச் ரோட்டில் ஓடியபோது யாருக்கும் இது தெரியவில்லை. அண்ணன் கனத்த உடம்பு, அண்ணியும் பூசினாற்போல் இருப்பார்கள். இங்கிலாந்துப் படத்தைப் பார்த்து அங்குலம் பிசகாமல் தாழ்வாகக் கட்டினோமே தவிர, இங்கிலாந்துப் படத்தில் நம் ஊர் வேகத்தடை இல்லை என்பது ஒருவருக்கும் தோன்றவில்லை!

அண்ணன் இறங்கிக் குனிந்து பார்த்தார். ஏதோ சொன்னார். அண்ணி இறங்கினார்கள். அண்ணன் மட்டும் ஏறி மெல்ல நகர்த்த, வண்டி தட்டாமல் தாண்டியது. அண்ணி புடவைத் தலைப்பைப் பிடித்துக்கொண்டு வேகத்தடையை நடந்து கடந்தார்கள். கதவுக்குப் பக்கத்தில் போய் நின்றார்கள். அண்ணன் உள்ளேயிருந்து சாய்ந்து, கயிற்றை இழுத்துக் கதவைத் திறந்துவிட்டார். அண்ணி ஏறிக்கொண்டார்கள்.

அடுத்த வேகத்தடையிலும் அப்படியே. பள்ளிக்கூட வாசலில், மார்க்கெட் முனையில், கோயில் திருப்பத்தில் எல்லாம் அப்படியே. பஸ்ஸில் போகிறவர்கள் எட்டிப் பார்த்துச் சிரித்தார்கள். ஆலப்பாக்கத்தில் பூக்காரம்மா ஒருவர், "ஏம்மா, இறக்கி இறக்கி ஏத்துறாரே, எடை போட்டுப் பாக்குறாரா?" என்று கேட்டதும் அண்ணி வாய் பொத்திச் சிரித்தது எனக்குத் தூரத்திலிருந்தே தெரிந்தது. இவ்வளவு பெரிய குடும்பத்தில் இத்தனை வருடம் இருந்தும், அண்ணி அப்படிச் சிரித்து நான் அன்றுதான் பார்த்தேன்.

ஒருமுறை ஏறி உட்கார்ந்ததும் அண்ணி கேட்டார்களாம்: "இன்னும் எத்தனை இருக்குங்க?"

அண்ணன் சொன்னாராம்: "நெறைய இருக்கட்டுமே."

புதுச்சத்திரம் தாண்டுவதற்குள் வெயில் உச்சிக்கு வந்துவிட்டது. அங்கே ஒரு ரயில்வே கேட். தண்டவாளம் மேடு கட்டி உயர்ந்து நின்றது. அண்ணி இறங்கினாலும் பயனில்லை என்று பார்த்தவுடனேயே தெரிந்தது. கேட்காரர் ஓடி வந்தார்.

"எங்க சார் போறீங்க?"

"சிதம்பரம்."

"இந்த வண்டியிலயா? தண்டவாளத்து மேல உக்காந்துடுச்சுன்னா யாரு தூக்குறது? திரும்பிடுங்க சார். நான் விட முடியாது."

"மெதுவா சாய்ச்சு ஏத்திடுவேன்பா."

"அம்மா, நீங்களாவது சொல்லுங்கம்மா."

அண்ணி அண்ணனின் முகத்தைப் பார்த்தார்கள். "போதுங்க. பாதி வழி வந்துட்டோம் இல்ல? மீதியை அடுத்த தடவைக்கு வெச்சுக்குவோம்" என்றார்கள். வண்டி திரும்பியது. வந்த வேகத்தடைகள் அத்தனையிலும் மறுபடி இறங்கி, மறுபடி ஏறி, சாயங்காலம் வீடு வந்து சேர்ந்தார்கள்.

பின்னால் ஸ்பிரிங்கில் ஒரு பட்டை சேர்த்து, முன்னால் ஸ்பிரிங்குக்கு அடியில் வளையம் வைத்தால் வண்டியை உயர்த்திவிடலாம் என்று சலீம் பாய் அன்றைக்கே சொன்னார். அண்ணன் கேட்கவில்லை. "தூக்கிட்டா அது அந்த வண்டி இல்ல பாய். தரையோட போற அழகுதானே அழகு" என்று பல மாதம் பிடிவாதமாக இருந்தார். அப்புறம் ஒரு நாள் அவராகவே ஷெட்டுக்குப் போனார். "தூக்கிடு பாய். அழகு போனா போகட்டும், உங்க அண்ணி சிதம்பரம் போகணும்" என்றார்.

பாய் பட்டைக்குச் சொல்லி வைத்தார். அதற்குள் அண்ணனுக்கு மூச்சு வாங்க ஆரம்பித்தது. இதயம் பலவீனமாகிவிட்டது என்றார்கள் மருத்துவர்கள். ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்குமாகச் சில மாதம் ஓடியது. அண்ணி அவர் கட்டிலை விட்டு நகரவில்லை. இருவரும் தனியாகப் பேசிக்கொள்ள ஒரு வகையில் அங்கேதான் இடம் கிடைத்தது. நாங்கள் வெளியே நின்றுகொள்வோம்.

கடைசி வாரத்தில் சலீம் பாய் பார்க்க வந்தார். அண்ணன் முதலில் கேட்டது, "தூக்கிட்டியா?"

"தூக்கிட்டேன்ணே. ரயில் கேட்டு என்ன, மலையே தாண்டும்" என்றார் பாய். வெளியே வந்து என் தோளைப் பிடித்துக்கொண்டு அழுதார். பட்டை அப்போது வரவே இல்லை. அண்ணன் அமைதியாகக் கண்ணை மூடிய பிறகு, பதினாறாம் நாள் காரியத்துக்குள் பாய் ராப்பகலாக உட்கார்ந்து வண்டியைத் தூக்கி முடித்தார். "அண்ணன்கிட்ட சொன்ன சொல்லு பொய்யாயிடக் கூடாது" என்றார்.

அதன் பின் வண்டி உறை போட்டு நின்றது. அண்ணி அந்தப் பக்கம் பார்க்கவே மாட்டார்கள். போன மாதம், முதலாம் ஆண்டு நினைவுக்குச் சிதம்பரத்தில் இருக்கும் அண்ணியின் தம்பி வீட்டாரை நேரில் அழைக்க வேண்டியிருந்தது. ஆட்டோவுக்குச் சொல்லட்டுமா என்று கேட்டேன். அண்ணி உறை போட்டு நின்ற வண்டியைத் திரும்பிப் பார்த்தார்கள். "அந்த வண்டிய எடுங்க தம்பி" என்றார்கள்.

நான் ஓட்ட, அண்ணி பக்கத்தில் உட்கார்ந்தார்கள். ஓ.டி. தாண்டி முதல் வேகத்தடை. வண்டி ஒரு சத்தமும் இல்லாமல் ஏறி இறங்கப் போகிறது என்று எனக்குத் தெரியும்.

"நிறுத்துங்க தம்பி."

"தட்டாது அண்ணி. பாய் தூக்கிட்டாரு."

"தெரியும். நிறுத்துங்க."

இறங்கினார்கள். நான் தாண்டிப் போய் நின்றேன். அண்ணி நடந்து வந்தார்கள். வந்தவர்கள் ஏறாமல் கதவோரமே நின்றார்கள். ஏன் நிற்கிறார்கள் என்று எனக்கு உடனே புரியவில்லை. புரிந்ததும் சாய்ந்து கயிற்றை இழுத்தேன்.

உட்கார்ந்த பிறகு அண்ணி சொன்னார்கள்: "இத்தனை வருஷத்துல உங்க அண்ணன் எனக்குக் கதவு தெறந்துவிட்டது அந்த ஒரு நாளுதான் தம்பி. அந்த ஒரு நாள்லயே எத்தனை தடவை!"

அதன் பிறகு நான் கேட்கவில்லை. ஒவ்வொரு வேகத்தடையிலும் நிறுத்தினேன். ஒவ்வொன்றிலும் இறங்கி நடந்தார்கள். ஒவ்வொன்றிலும் திறந்துவிட்டேன். ரயில்வே கேட் வந்தது. கேட் திறந்திருந்தது. பழக்கத்தில் நான் வேகத்தைக் குறைத்தேன். அண்ணி இறங்கவில்லை. எதிரே பார்த்தபடி உட்கார்ந்திருந்தார்கள்.

"இதுக்கு மேல அவரு என்னைக் கூட்டிட்டு வந்ததில்ல தம்பி. நிறுத்தாம போங்க."

தண்டவாளத்தைத் தட்டாமல் தாண்டினோம். அதற்குப் பிறகு எத்தனையோ வேகத்தடைகள் வந்தன. நான் நிறுத்தவில்லை. வெள்ளாற்றுப் பாலத்தில் காற்று அடித்தபோது அண்ணி தலைப்பை இழுத்து முகத்தை மூடிக்கொண்டார்கள். கோபுரம் தெரிந்ததும் கை கூப்பினார்கள்.

நன்றி சொல்ல வேண்டியவர்கள் பலர். அண்ணனைக் கடைசிவரை பார்த்துக்கொண்ட மருத்துவர்கள், செவிலியர்கள். ஷெட் தந்த முதலாளி. எங்கள் அண்ணனைத் தன் அண்ணனாகவே நினைத்த சலீம் பாய். காரியங்களுக்கு முன்னின்ற காடாம்புலியூர், சிதம்பரம் உறவுகள். துக்கத்தில் கூட நின்ற தெருக்காரர்கள் அனைவருக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. அன்று வண்டியைத் திருப்பி அனுப்பி, ஏறி இறங்கும் அத்தனை இடத்தையும் அவர்களுக்கு இன்னொரு முறை தந்த பெயர் தெரியாத கேட்காரருக்கும் நன்றி.

இன்னும் ஒன்று. மலரில் இதைப் போடலாமா என்று அண்ணியிடம் கேட்டேன். போடச் சொன்னார்கள். கடலூரிலிருந்து புதுச்சத்திரம் வரை, பள்ளிக்கூட வாசல், மார்க்கெட் முனை, கோயில் திருப்பம் என்று ஒன்றுவிடாமல் வேகத்தடை போட்டு வைத்தவர்கள் யாரோ, அவர்களுக்கு எங்கள் அண்ணியின் தனி வணக்கம்.